பெருநாளைக்கு மூன்று தொப்பி

தொப்பி பின்னுவதில் கஷ்டமான இடம் உச்சிதான் ஹஸ்ரத். கொக்கி ஊசியால் ஆறு கண் எடுத்து ஒரு சின்ன வளையம் போட்டுத் தொடங்க வேண்டும். பிறகு சுற்றுக்குச் சுற்று கண்ணைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கூடிப்போனால் ஓரம் நெளியும். குறைந்துபோனால் சிரட்டை மாதிரிக் குவிந்துவிடும். உச்சி மட்டும் சரியாக வந்துவிட்டால் மற்றதைக் கை தன்பாட்டில் பார்த்துக்கொள்ளும்.

நீங்கள் என்னை மறந்திருக்க மாட்டீர்கள். மருதமுனை சுஹறா. போன வருஷம் உங்கள் முன்னால் வந்து சாட்சி சொன்னவள். அன்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். இன்று நீங்கள் கேட்காததையும் எழுதுகிறேன். நேரில் வந்து சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன். நீங்களும் பாவப்பட்டு, போதும் என்று எழும்பிப் போகச் சொல்லிவிடுவீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. இந்த வருஷம் மூன்று தொப்பி. ஒன்று என் மகன் முஸ்தாக்குக்கு. ஒன்று அம்ஹாவின் குழந்தை சுபியானுக்கு. ஆறு மாதப் பிள்ளை, தலை ஒரு தேங்காயளவுகூட இல்லை. மூன்றாவது, அம்ஹாவைக் கட்டப்போகிற நிந்தவூர் மாப்பிள்ளைக்கு. அது இப்போதுதான் உச்சி முடிந்து என் மடியில் கிடக்கிறது. அம்ஹா போன வருஷம் வரை என் மகனுக்கு மனைவியாக இருந்தவள். அது உங்களுக்குத் தெரியும். எப்படி இல்லாமற் போனாள் என்பதுதான் உங்களுக்குத் தெரியாதது.

முஸ்தாக்குக்கு ஒன்றரை வயதில் அவனுடைய வாப்பா அச்சிமுகம்மதைக் கடல் கொண்டுபோனது. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் வாங்கி வருகிறேன் என்று சைக்கிளில் கரைக்குப் போனவர். நான்கு நாள் கழித்துச் சைக்கிள் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பிறகு இரண்டு மூன்று பேர் வந்து மறுபடி கட்டச் சொன்னார்கள். நான் பிள்ளையைக் காட்டினேன். போய்விட்டார்கள்.

நம்முடைய பக்கத்து வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்களும் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்தவர்தான். பெண்ணைப் பெற்றவள் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, அந்த வீட்டின் ஒரு மூலையில் மவுத்தாகும்வரை இருந்துகொள்வாள். ஆணைப் பெற்றவள் ஒருநாள் அவனுக்குப் புதுச் சாரன் உடுத்தி, அத்தர் பூசி, மாப்பிள்ளையாக அனுப்பிவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். நாலைந்து பிள்ளை பெற்றவளுக்கு அது ஒருநாள் அழுகை. எனக்கு இருந்தது ஒருவன்.

ஏழு வயதில் அவன் முதல் நோன்பு பிடித்தான். அந்தப் பெருநாளைக்கு அவனுக்கு முதல் தொப்பி பின்னினேன், தறிக்காரர்களிடம் மிஞ்சுகிற வெள்ளை நூலில். அன்றிலிருந்து ஒவ்வொரு நோன்புப் பெருநாளைக்கும் ஒன்று. அவன் தலையைச் சுற்றி நூலை ஓட்டி அளவெடுப்பேன். ஒரு இடத்தில் நிற்காத பிள்ளை, அந்த நேரம் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பான். மீசை முளைத்த பிறகும் அப்படித்தான் நின்றான். சரியாகச் சொன்னால் எனக்குப் பெருநாள் என்பது அந்த அரை நிமிஷம்தான்.

அவனுக்கு இருபத்தொன்று முடிந்தபோது பாலமுனை நதீரா மாப்பிள்ளை கேட்டு வந்தாள். அம்ஹாவை வளர்த்த மாமி அவள், தகப்பனின் தங்கை. நதீராவுக்கு வாய் ஓயாது. ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் பிள்ளையின் பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள்.

"மருதமுனையில பொறந்த புள்ளதான் ராத்தா. மூணு மாசத்தில அவட உம்மாவக் கடல் கொண்டுபோயிட்டு. இஸ்கூல் முகாமில ஆரோ ஒரு பொம்புள பால் குடுத்துக் காப்பாத்தின. பொறகுதான் நான் பாலமுனைக்கித் தூக்கிட்டுப் போன. அந்தப் பொம்புள ஆரெண்டு இண்டைக்கி வரைக்கும் தெரியா. அல்லாஹ் அவக்கி நல்லது செய்யட்டும்."

அந்தப் பிள்ளை எது என்று எனக்கு உடனே தெரிந்தது. அதே முகாமில், அதே வகுப்பறையில்தான் நானும் இருந்தேன். நான் ஆமீன் என்று மட்டும் சொன்னேன். கலியாணத்துக்கும் சம்மதித்தேன். அதன் காரணத்தைப் பிறகு எழுதுகிறேன், இப்போது எழுதினால் விளங்காது.

அம்ஹா நல்ல பிள்ளை. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கிழமைக்கு ஒருதரம் இரண்டு பேருமாக மோட்டார் சைக்கிளில் வருவார்கள். அவன் உள்ளே படுத்துத் தூங்குவான், அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமி, எனக்கும் காட்டித் தாங்க" என்பாள். ஊசி பிடிப்பதிலிருந்து நான்தான் காட்டிக் கொடுத்தேன். நான் மூன்று மாதத்தில் படித்ததை மூன்று கிழமையில் பிடித்துக்கொண்டாள்.

கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம், போன வருஷத்து நோன்புப் பெருநாள் காலை. மகன் பாலமுனையிலிருந்து விடிந்ததும் புறப்பட்டு வந்தான், என்னிடம் சலாம் சொல்லிவிட்டு நம்முடைய திடலில் தொழுவதற்காக. அளவெடுக்க ஆள் பக்கத்தில் இல்லாததால் மனக்கணக்கில் பின்னிய தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவன் ஏற்கனவே ஒரு தொப்பி போட்டிருந்தான்.

"அம்ஹா பின்னின உம்மா. எப்பிடி இரிக்கி?"

உச்சியில் எட்டு மூலை நட்சத்திரம். அதை நான் அவளுக்குக் காட்டிக் கொடுக்கவில்லை. எனக்கே அது வராது. போனில் பார்த்துப் படித்தாளாம். என்னுடையதை வாங்கி முத்தமிட்டு ஜுப்பாப் பையில் வைத்தான். "இத ஹஜ்ஜுப் பெருநாளைக்கிப் போடுறன்," என்றான். நல்ல பிள்ளை, மனம் நோகக்கூடாது என்று சொன்னான். நான் வட்டலப்பம் வைத்துக் கொடுத்தேன். மாஷா அல்லாஹ், நல்லாயிருக்கு என்றும் சொன்னேன். அவன் போன பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு தொப்பிக்கு இப்படி மனம் உடையுமா என்று நீங்கள் கேட்கலாம். உடைந்தது. அவனுடைய வாப்பாவின் சைக்கிளைக் கொண்டுவந்து முகாம் வாசலில் சாத்திய அன்றும் நான் அப்படி அழவில்லை.

அடுத்த கிழமை அம்ஹா என் காதோடு ஒரு சங்கதி சொன்னாள். "மாமி, எனக்கி நாள் தள்ளிப் போயிரிக்கி. ஒங்களுக்குத்தான் மொதல் செல்றன், நதீரா மாமிக்கும் இன்னும் செல்லல்ல." நான் அவள் தலையைத் தடவினேன். பிள்ளையும் வந்துவிட்டால் அவன் இந்தப் பக்கம் வருவது இன்னும் குறையும் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த வியாழக்கிழமை பெண்களுக்கான பயானில் நீங்கள் பால்குடி உறவைப் பற்றிப் பேசினீர்கள். ஞாபகம் இருக்கிறதா தெரியாது. இரண்டு வயதுக்குள் ஒரு பிள்ளை வேறொருத்தியிடம் ஐந்து தரம் வயிறாரக் குடித்தால் அவள் அதற்கு உம்மா. அவளுடைய பிள்ளைகள் அதற்குச் சகோதரர்கள். அவர்களுக்குள் கலியாணம் ஹராம். தெரியாமல் முடித்திருந்தாலும் பிரிய வேண்டும். நீங்கள் எப்போதும் விளக்கமாகத்தான் பேசுவீர்கள். நான் கடைசி வரிசையில் இருந்து கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

நான்காம் நாள் உங்களிடம் வந்தேன். பிறகு நீங்கள் எல்லாரையும் அழைத்து வைத்துக் கேட்டீர்கள்.

"எத்தின தரம் பால் குடுத்தீங்க?"

"எண்ணிப் பாக்கல்ல ஹஸ்ரத். ஆறு நாள் குடுத்தன்."

ஐந்து என்ற சொல்லை நான் வாயில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பாடம் பண்ணிக்கொண்டு வந்த மாதிரி இருந்திருக்கும். கலியாணத்துக்கு முதல் ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். முகாமில் யாருடைய பிள்ளை என்று யாருக்குத் தெரியும், இப்போதுதான் அம்ஹாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது வலது காதுக்குப் பின்னால் அந்தச் சிவந்த தழும்பைக் கண்டேன் என்றேன். நதீரா எழும்பி வந்து அவளுடைய முக்காட்டை விலக்கிப் பார்த்தாள். தழும்பு இருந்தது.

ஒரு பெண்ணின் சாட்சி மட்டும் போதாது, இன்னும் விசாரிக்க வேண்டும் என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். உங்கள் மேல் குற்றம் இல்லை. என் மகன்தான் அதற்குமேல் விடவில்லை.

"என்ட உம்மா பொய் செல்ற ஆள் இல்ல ஹஸ்ரத். அவங்க சென்னா அது சரி."

நான் எதிர்பார்த்து வந்ததும் அந்த வார்த்தையைத்தான். அவன் அம்ஹாவின் முகத்தைப் பார்க்காமல் எழும்பி வெளியே போனான். பாலமுனைக்கு உடுப்பு எடுக்கக்கூடப் போகவில்லை. வயிற்றில் இருக்கிற பிள்ளை இருவருக்கும் சொந்தமான பிள்ளைதான், அறியாமல் நடந்ததற்குக் குற்றம் இல்லை என்று நீங்கள் வாசல் வரை போய்ச் சொன்னீர்கள். அவன் காதில் விழுந்ததா தெரியாது. அவனுக்கு ஒன்றுதான் விளங்கியிருந்தது, தங்கச்சியோடு குடும்பம் நடத்தியிருக்கிறோம் என்று.

நதீரா என் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டு அழுதாள். இருபது வருஷமாக துஆ கேட்டது ஒங்களுக்குத்தானா ராத்தா என்று கேட்டாள். ஊரிலும் அப்படித்தான் கதைத்தார்கள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு ஊரான் பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் என்றார்கள். சந்தையில் மீன் விற்கிறவனும் எனக்கு எழும்பி நின்றான்.

அம்ஹாதான் கடைசியாக என்னிடம் வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. சுவரோடு சாய்ந்து நின்றாள். பிறகு கேட்டாள்.

"அப்ப நீங்க எனக்கி உம்மாதானே?"

"ஓம் மகள்," என்றேன்.

என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். உம்மா என்று கூப்பிட அவளுக்கு அதுவரை யாரும் இருக்கவில்லை.

ஹஸ்ரத், நான் அந்தப் பிள்ளைக்கு ஒரு தரமும் பால் கொடுக்கவில்லை.

முகாமுக்குப் போன மூன்றாம் நாள் பின்னேரம். வாங்கு மேசையெல்லாம் ஒரு பக்கம் குவித்துவிட்டு வகுப்பறையில் பாய் விரித்திருந்தோம். அம்ஹாவின் தகப்பன் பிள்ளையைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் வந்தார். பகலெல்லாம் அழுது பிள்ளைக்குச் சத்தம் அடைத்துவிட்டது. முஸ்தாக் என் மடியில் கிடப்பதைக் கண்டு என்னிடம்தான் முதலில் வந்தார். "ஒரு வாய் குடுங்க தங்கச்சி," என்றார். எனக்குப் பால் இல்லை என்றேன். இருந்தது. சட்டை நனைந்திருந்தது, முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டேன். என் புருஷன் இனி வரமாட்டார் என்று அன்று காலையில்தான் எனக்கு உறைத்திருந்தது. மிச்சமிருக்கிற ஒன்றுக்குப் போதாமல் போய்விடும் என்று பயந்தேன். பால் வாசம் பிள்ளைகளுக்குத் தெரியும். அது என் பக்கம் தலையைத் திருப்பித் திருப்பித் தேடியது. காதுக்குப் பின்னால் இருந்த தழும்பை அப்போதுதான் கண்டேன். நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

பக்கத்துப் பாயில் உம்மு என்று ஒருத்தி இருந்தாள். தன்னுடைய கைக்குழந்தையைத் தண்ணீருக்குள் கைதவற விட்டவள். மூன்று நாளாக ஒருவரோடும் பேசவில்லை. அவள்தான் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினாள். நதீரா முகாம் வாசலில் வந்து பிள்ளையை வாங்கிப் போகும்வரை ஆறு நாள் கொடுத்தாள். நான் உங்களிடம் சொன்ன ஆறு நாள் அவளுடைய ஆறு நாள். உம்மு கொரோனா வந்த வருஷம் மவுத்தாகிவிட்டாள். அம்ஹாவின் தகப்பனும் கட்டாருக்கு உழைக்கப் போய் அங்கேயே முடிந்துபோனார். அந்த அறையில் நடந்ததை அறிந்தவர்களில் இப்போது நான் மட்டும்தான் மிச்சம்.

கலியாணத்துக்கு ஏன் சம்மதித்தேன் என்று இப்போது உங்களுக்கு விளங்கும். அந்தப் பிள்ளைக்கு நான் கொடுக்காமல் விட்டதற்குப் பதிலாக என் மகனையே கொடுக்கிறேன் என்று நினைத்தேன். கொடுக்கவும் கொடுத்தேன். மூன்று மாதத்துக்குமேல் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மகன் வீட்டுக்கு வந்துவிட்டான். வந்து ஒரு வருஷமாகிறது. கல்முனையில் போன் திருத்துகிற கடைக்குப் போவான், வருவான். சோறு வைத்தால் பாதியோடு கையைக் கழுவுவான். போதும், ஓம், இல்லை, இந்த மூன்று சொல்லில் ஒரு நாள் முடிந்துவிடும். இந்த நோன்புப் பெருநாளைக்குத் தலையைச் சுற்றி நூல் ஓட்டினேன். அசையாமல்தான் நின்றான். கண்ணை மூடிக்கொண்டு நின்றான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தோள் இப்படித் தொங்குவதைப் பெற்றவள் பார்க்கக்கூடாது.

ஆனால் அம்ஹா வருகிறாள். அதையும் நான் சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்து நாற்பது கழிந்ததும் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் முதலில் வந்தாள். உம்மா, உம்மா என்று வீடு முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டு திரிவாள். எனக்குக் கால் நோவு என்றால் பாலமுனையிலிருந்து பஸ் பிடித்து எண்ணெய் கொண்டுவருவாள். அவள் வருகிற நாளில் முஸ்தாக் பின் கதவால் போய்விடுவான். ஒருதரம் மட்டும் அகப்பட்டுக்கொண்டான். சுபியான் பாயில் கிடந்தான், இவன் தாண்டிப் போகும்போது சாரனின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். முஸ்தாக் குனியவில்லை. பிள்ளை தானாகக் கையை விடும்வரை அப்படியே நின்றான். அம்ஹா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

நிந்தவூர்ச் சம்பந்தம் நதீரா பேசியது. மனைவி மவுத்தான ஒருவர், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார், நல்ல மனிதர் என்கிறார்கள். பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் நிக்காஹ். செய்தி முஸ்தாக்கின் காதுக்கும் வந்தது. முந்தாநாள் அஸர் தொழுதுவிட்டு வந்து என் முன்னால் நிலத்தில் உட்கார்ந்தான். சின்ன வயதில் உட்காருகிற மாதிரிக் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

"உம்மா, ஒண்டு கேக்கட்டா?"

"கேளு மகன்."

"நல்லா யோசிச்சுப் பாத்தீங்களா? முகாமில எவ்வளவோ புள்ளையள் இருந்திரிக்கும். ஒங்களுக்கு மாறிப்போயிரிக்க ஏலாதா?"

ஒரு வருஷத்தில் அவன் என்னோடு கதைத்த நீளமான கதை அதுதான். நான் கையிலிருந்த சுற்றை முடித்தேன். நடுவில் விட்டால் எண்ணிக்கை தவறிவிடும். முடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். ஓம் மகன், மாறித்தான் போய்விட்டது என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சுப் போதும். சொல்லியிருந்தால் அவன் செருப்புக்கூடப் போடாமல் பாலமுனைக்கு ஓடியிருப்பான்.

"இல்ல மகன். அம்ஹாதான்."

"அப்ப சரி," என்றான்.

உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தான். அந்த நட்சத்திரத் தொப்பி. ஒரு வருஷமாக எங்கே வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியாது, வீட்டை நான்தான் கூட்டுகிறேன். "இத அவுத்து சின்னதாப் பின்னுங்க உம்மா, அந்தப் புள்ளைக்கி," என்றான். மகன் என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளை என்றான். நான் இருந்து அவிழ்த்தேன். அம்ஹா கடைசி முடிச்சை இறுக்கமாகப் போட்டிருந்தாள், பல்லால் கடித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சுற்றுக்குச் சுற்று நூல் வந்தது. நட்சத்திரமும் போனது. எனக்கும் கண்ணீர் வந்தது, மறைக்கவில்லை. அதே நூலில் சுபியானுக்கு நேற்று முடித்துவிட்டேன். நூல் மிஞ்சியது, அதைத்தான் மாப்பிள்ளையின் தொப்பிக்குச் சேர்த்துக்கொள்கிறேன்.

நேற்று அம்ஹா போன் எடுத்துக் கதைத்தாள். நிக்காஹ் அன்று உம்மாவின் இடத்தில் நான்தான் இருக்க வேண்டுமாம். "பொறகு இஞ்சயே வந்து என்னோட இருங்க உம்மா. உம்மா மகள்ட ஊட்டிலதானே இரிக்கணும்," என்றாள். முன் அறைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு சின்ன அறையைக் கழுவி வைத்திருக்கிறாளாம். ஒரு பிள்ளையோடு கிடந்த எனக்கு அல்லாஹ் இந்த வயதில் ஒரு பெண்பிள்ளையைத் தந்திருக்கிறான். அவளுக்கும் ஒரு உம்மா கிடைத்தாள். நான் சொன்னது பொய்தான். ஆனால் அவள் விஷயத்தில் அது உண்மையாகிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

இதை வாசித்ததும் நீங்கள் எழும்பிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். உடனே முஸ்தாக்கைக் கூப்பிடுவீர்கள், நதீராவைக் கூப்பிடுவீர்கள். நிக்காஹ்வுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது, அதற்குள் எல்லாவற்றையும் சரிப்படுத்தவும் முடியும். அதையும் யோசித்துப் பார்த்தேன். அங்கே பந்தலுக்குச் சொல்லியாயிற்று, ஊரெல்லாம் அழைப்புப் போய்விட்டது. பாவம், அவள் ஏற்கனவே ஒருதரம் அழுத பிள்ளை. ஆகையால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்திருந்து, நிக்காஹ் முடிந்த மறுநாள் காலையில் நானே கொண்டுவந்து உங்கள் கையில் தருவேன். மகளின் கலியாணத்தைக் குழப்புகிற உம்மா நான் இல்லை.